தண்ணீரில்லா ஆறும் ஒரு நாவலும்: மு.வ.வையும் வட ஆர்க்காட்டையும் வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

சென்ற கோடையில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் சிறுகதைப் பயிற்சி நடத்தினேன். பதினோரு பேர் வந்தார்கள். கல்லூரி மாணவர்கள் ஏழு பேர், ஒரு மருந்துக்கடைக்காரர், ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர். அக்னி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை. வேலூர் வெயிலில் மாடி அறை என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

முதல் வாரம் ஒரே பயிற்சிதான் கொடுத்தேன். ‘நம்ம ஊர்’ பற்றி இரண்டு பக்கத்தில் ஒரு கதை. அடுத்த வாரம் பதினோரு கதைகளும் வந்துவிட்டன. ஒன்பதில் கோட்டை இருந்தது. நான்கு கதைகள் கோட்டையில்தான் தொடங்கின. மூன்றில் காதலர்கள் அகழி ஓரம் உட்கார்ந்து பிரிந்தார்கள். ஒன்றில் 1806 ஜூலை 10 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட சிப்பாயின் ஆவி வந்து இன்றைய அரசியலைப் பற்றி வருத்தப்பட்டது. மீதி இரண்டில் பெரிய ஆஸ்பத்திரி.

ஒரு கதையிலும் பாலாறு இல்லை. இத்தனைக்கும் அவர்களில் பாதிப் பேர் காட்பாடி, விருதம்பட்டுப் பக்கம். வாராவாரம் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வகுப்புக்கு வருகிறார்கள்.

கேட்டேன். விருதம்பட்டுப் பெண் ஒருத்தி, எம்.ஏ. படிக்கிறவள், யோசிக்காமல் பதில் சொன்னாள்: “அகழியில தண்ணி கீது சார். ஆத்துல இன்னா கீது?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை என்பதை அந்தச் சிரிப்பு மறைத்துவிட்டது. அடுத்த ஐந்து வாரமும் கதை எழுதும் பயிற்சியை ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஓர் ஆளை எடுத்துக்கொண்டோம். ஓர் எழுத்தாளரின் ஊர் அவர் எழுத்துக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று பார்ப்பதுதான் திட்டம். ஆள் யார் என்பதில் விவாதமே வரவில்லை. ஆற்றில் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டதையே தன் நாவலின் தொடக்கமாக வைத்தவர் ஒருவர் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்.

*ஆள்*

மு. வரதராசன், 1912 ஏப்ரல் 25 அன்று திருப்பத்தூரில் பிறந்தார். வைத்த பெயர் திருவேங்கடம். தாத்தாவின் பெயரான வரதராசன்தான் நிலைத்தது. இளமை வாலாஜாபேட்டைக்குப் பக்கத்தில் உள்ள வேலம் கிராமத்தோடு பிணைந்தது. பள்ளிப்படிப்பு முடித்துத் தாலுகா அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தர் வேலை. உடம்பு சரியில்லாமல் போக, வேலையை விட்டார். அந்த ஓய்வில் தமிழைத் தாமாகவே படிக்கத் தொடங்கி, 1935ல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலாவதாக வந்தார். திருப்பத்தூரிலேயே பள்ளித் தமிழாசிரியர். 1939ல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1948ல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்து 1974 அக்டோபரில் மறைந்தார்.

இந்த வாழ்க்கையை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடம் 1911 வரை சித்தூர். அந்த ஆண்டுதான் வேலூருக்கு வந்தது. ஆக, அவர் பிறந்தபோது இந்த மாவட்டத்துக்கே புது முகம், வயது ஒன்று. நான் பள்ளியில் படிக்கும்போது மு.வ. வட ஆர்க்காட்டுக்காரர். 1989ல் மாவட்டம் இரண்டானது, பிற்பாடு பெயரும் மாறி அவர் வேலூர் மாவட்டத்துக்காரர் ஆனார். 2019ல் அந்த வேலூரும் மூன்றானது. இப்போது அவர் பிறந்த ஊர் திருப்பத்தூர் மாவட்டம், வளர்ந்த ஊர் ராணிப்பேட்டை மாவட்டம். வேலூர் மாவட்டத்துக்கு அவரில் ஒன்றும் மிச்சமில்லை. ஆற்றைத்தான் அப்படிப் பங்கு போட முடியவில்லை. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, நம் பக்கம் 222 என்று மூன்று மாவட்டத்தையும் கடந்து வயலூரில் கடலுக்குப் போகிறது. போகிறது என்று எழுதுவது பழக்கதோஷம்.

*முதல் பத்தி*

‘அகல் விளக்கு’ 1958ல் வந்தது. 1961ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. கதை சொல்பவன் வேலய்யன், வாலாஜாபேட்டைப் பையன். கதையைத் தன்னைப் பற்றியோ ஊரைப் பற்றியோ தொடங்காமல் ஒரு புகாரில் தொடங்குகிறான். பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்த தனக்கு அந்தப் பெயரே பொருத்தமாகத் தோன்றவில்லை என்கிறான். பெயரில் பால் இருக்கிறது, கண்ணெதிரே மணல் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் இந்த இடம் வாசிக்கப்பட்டபோது மருந்துக்கடைக்காரர், “நம்ம பொண்ணு கேட்டதேதான்” என்றார். உண்மைதான். ஆனால் அந்தப் பெண் அந்தக் கேள்வியோடு ஆற்றை விட்டுவிட்டு அகழிக்குப் போய்விட்டாள். வேலய்யன் கேள்வியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

வேலூரைப் பற்றி இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கேலிப் பட்டியல் உண்டு. தண்ணீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில், மரமில்லா மலை, அதிகாரமில்லாப் போலீஸ். கடைசியாக அழகில்லாப் பெண்கள் என்று ஒன்று வரும். அதை யாரோ வெளியூர் மாப்பிள்ளை வெயில் தாங்காமல் சொல்லியிருக்க வேண்டும். போலீஸ் பயிற்சிப் பள்ளி இங்கே இருப்பதால் அந்தப் போலீஸ். சாமி இல்லாக் கோயில் என்பது 1981ல் பொய்யாகிவிட்டது, கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்ப எழுந்தருளினார். மற்றவை அப்படியே நிற்கின்றன. இந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை. ஊரை அடையாளம் காட்ட எது இருக்கிறது என்று சொல்லாமல், பெயருக்கு இருந்து உள்ளே இல்லாதவற்றைக் கோத்திருக்கிறார்கள். மு.வ.வின் முதல் பத்தி இதே ஊர்க்காரனின் பேச்சு. பிறந்த ஊரைப் பற்றிப் பெருமை அடிக்காமல் தொடங்கும் நாவல் நம்மிடம் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

*மணலில்*

மூன்றாம் வாரம், வகுப்பை மாடியில் வைக்காமல் வாலாஜா பக்கம் ஆற்றுக்குப் போனோம். எட்டுப் பேர்தான் வந்தார்கள். காலை ஏழு மணிக்கே மணல் சுட ஆரம்பித்துவிட்டது. மணல் என்று சொல்வதும் பாதி உண்மை. பல இடங்களில் மணல் அள்ளி அள்ளிக் களிமண் தெரிகிறது. நடுவில் சீமைக்கருவேலம், நாணல், ஒரு மாட்டுக் கொட்டகை.

மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து நின்றார்.

“இன்னா சார், பாலம் கட்றாங்களா?”

“இல்லீங்க பெரியவரே, சும்மா ஆத்தப் பாக்க வந்தோம்.”

“இதுல பாக்கறதுக்கு இன்னா கீது?” அதே கேள்வி. விருதம்பட்டுப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் பெரியவர் பேச்சை நிறுத்தவில்லை. “நாங்க சின்னப் பசங்களா இருக்கசொல்லோ இங்க ஒரு முழம் நோண்டனா போதும், ஊத்து வந்துரும். கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணி. பொம்பளைங்க கொட்டாங்குச்சில மொண்டு மொண்டு கொடத்துல ஊத்துவாங்க. இப்ப நோண்டறதுக்கு மணலு எங்க கீது?”

“வெள்ளம் வந்து பாத்திருக்கீங்களா தாத்தா?” என்று ஒரு பையன் கேட்டான்.

“இருவத்தொண்ணுல வந்துச்சே! நீ பாக்கலையா? எங்கப்பாரு அவங்கப்பாரு சொன்னதா சொல்வாரு, முன்ன ஒரு தபா அப்படி வந்து வாணியம்பாடியவே வாரிக்கினு போச்சாம். எனக்கு அது கதைன்னுதான் நெனப்பு. இருவத்தொண்ணுலதான் நம்பனேன்.”

பெரியவர் சொன்ன ‘முன்ன ஒரு தபா’ 1903 நவம்பர். மேலே ஏரிகள் உடைந்து பாலாறு வாணியம்பாடியை அழித்தது. 2021 நவம்பரில் வாலாஜா பக்கத்து அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. 1903க்குப் பிறகு அவ்வளவு வந்ததில்லை என்று அப்போது எல்லாரும் பேசினார்கள். மு.வ. 1903க்கு ஒன்பது ஆண்டு கழித்துப் பிறந்தவர். வீட்டில் பெரியவர்கள் அந்த வெள்ளத்தை வைத்துத்தான் வயதைக் கணக்கிட்டிருப்பார்கள் என்று நினைப்பது என் ஊகம். அவர் கண்ணில் பட்டது வறண்ட ஆறு, காதில் விழுந்தது வெள்ளம் என்றும் சேர்த்து ஊகிக்கலாம்.

ஆக, இந்த ஆற்றுக்கு இரண்டு வழக்கம். ஒன்று, அடியில் மறைந்து ஊறுவது. தோண்டுகிறவனுக்கு மட்டும் கொடுப்பது. இந்தப் பக்கத்தில் ஊற்றுக்கால் வெட்டி மணலுக்கடியில் இருக்கும் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோன ஊர்கள் ஏராளம். இன்னொன்று, ஒரு தலைமுறைக்கு ஒருமுறை பொங்கி வந்து எல்லாரையும் மயக்கி, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய், மறுவாரம் மணலாகிவிடுவது. காவிரிக்கரையில் பிறந்தவனுக்கு ஆறு என்றால் வருஷத்துக்கு ஒருமுறை ஆடியில் சொன்னபடி வரும் விருந்தாளி. பாலாற்றுக்காரனுக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

இப்போது நாவலுக்குத் திரும்புவோம். வேலய்யனின் நண்பன் சந்திரன். அழகன், அறிவாளி, பார்த்தவர்களெல்லாம் வியக்கும் பிள்ளை. கிராமத்திலிருந்து படிக்க வந்து வேலய்யன் வீட்டுக்கு அருகில் குடியேறுகிறான். இருவரும் சென்னைக் கல்லூரிக்குப் போகிறார்கள். சந்திரன் மனம் தடுமாறுகிறது. படிப்பைப் பாதியில் விட்டு ஓடிப்போகிறான். கடைசியில் நோயாளியாகத் திரும்பி இறக்கிறான். வேலய்யனுக்கு அழகும் சுமார், அறிவும் சுமார். மெல்லப் படித்து, மெல்ல உயர்ந்து, நிற்கிறான். தலைப்பு சொல்வது போல, சட்டென்று ஓங்கி எரிந்து அணைந்த சுடர் ஒன்று, சிறிதாக எரிந்துகொண்டே இருக்கும் அகல் ஒன்று.

ஆற்றங்கரையில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, தலைப்பில் இருக்கும் விளக்கும் முதல் பத்தியில் இருக்கும் ஆறும் ஒரே கதையைச் சொல்கின்றன. சந்திரன் வெள்ளம், வேலய்யன் ஊற்று. முப்பது வருஷம் முன்பு இந்த நாவலைப் படித்தபோது பாலாற்றுப் பத்தியை வெறும் வர்ணனை என்று தாண்டிப் போயிருந்தேன். கதையின் மொத்தக் கணக்கும் அந்தப் பத்தியில் போடப்பட்டுவிட்டது. மு.வ. இதை நினைத்துச் செய்தாரா என்று கேட்டால் தெரியாது, கேட்கவும் ஆளில்லை. நினைக்காமல் செய்திருந்தால் என் வாதத்துக்கு இன்னும் நல்லது.

இதைச் சொன்னதும் ஒரு மாணவன் கையைத் தூக்கினான். “சார், மு.வ. எல்லாத்துலயும் அடக்கம், சிக்கனம்னு அட்வைஸ் பண்றாரே, அதுவும் தண்ணி இல்லாத ஊருன்றதாலயா?”

உற்சாகத்தில் ஆமாம் என்றேன். திருக்குறள் தெளிவுரையையே பாருங்கள், 1330 குறளுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு, ஒரு சொட்டு வீணாக்கவில்லை என்று அளந்துவிட்டேன்.

“அப்போ தஞ்சாவூர்க்காரங்க எல்லாம் செலவாளிங்களா சார்?”

பதில் இல்லை. ஊரை வைத்து எழுத்தாளனை விளக்குவதில் இருக்கும் பள்ளம் இதுதான். ஒரு கண்ணி கிடைத்துவிட்டால் எல்லாப் பூட்டுக்கும் அதையே சாவியாக்கத் தோன்றும். சங்க இலக்கியத்தில் இயற்கையை ஆராய்ந்தாரே, கண்ணில் காணாத தண்ணீரை ஏட்டில் தேடினாரோ என்று கூட அன்றைக்குச் சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாக இருக்கிறது. நிரூபிக்க வழியில்லை. அவருடைய அறிவுரைக் குணத்துக்கு ஆசிரியர் தொழிலும், இளமையில் படுத்த உடம்பும், அந்தக் காலத்துச் சீர்திருத்தக் காற்றும் போதுமான காரணங்கள். பாலாற்றின் கணக்கில் ‘அகல் விளக்’கின் கதைப்போக்கை மட்டும் வைக்கிறேன்.

*ரயில்*

இன்னொரு சங்கதியும் இந்த ஊரோடு சேர்ந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வாலாஜாபேட்டைக்கான நிலையமான வாலாஜா ரோடு வரை வந்தது. மதுரைக்கோ திருச்சிக்கோ கோவைக்கோ தண்டவாளம் போகும் முன்பே சென்னையோடு கட்டப்பட்ட ஊர் இது. 1866லேயே நகராட்சியும் ஆகிவிட்டது. அந்த அளவுக்கு முந்திக்கொண்ட ஊர், அப்புறம் ஏனோ அப்படியே தூங்கிவிட்டது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கே பிறந்த படித்த பையனுக்குச் சென்னை தூர தேசம் இல்லை. காலையில் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். ஆனால் போய் வரும் தூரத்தில் இருக்கும் நகரம்தான் ஆளை இரண்டாகப் பிளக்கும். மு.வ.வின் பல நாவல்கள் சென்னையில் நடக்கின்றன. எல்லாவற்றிலும் சென்னை ஒரு தேர்வு மண்டபம் மாதிரி. கிராமத்திலிருந்து வருகிறவன் அங்கே தேறுகிறான், அல்லது விழுகிறான். அந்த நகரத்தை அவர் வெறுக்கவில்லை, 1939 முதல் முப்பது ஆண்டுக்கும் மேல் அங்கேயே வாழ்ந்தார், பதவி பெற்றார். எழுதும்போது மட்டும் அளவுகோலை வாலாஜாவிலிருந்து எடுத்துக்கொண்டார்.

*இல்லாதது*

சரி, இதுவரை பாராட்டினேன். வகுப்பில் பாதி நேரம் எதிர்ப்பக்கம்தான் போனது.

‘அகல் விளக்’கை சத்தமாக வாசிக்கச் சொன்னேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் ஷூ கம்பெனிக்காரர் நிறுத்தினார். “சார், இவங்கல்லாம் எந்த ஊர்க்காரங்க?” அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வாலாஜாபேட்டைத் தெருவில் யாரும் ‘கீது’ என்று சொல்லவில்லை. யாரும் அப்பாவை ‘நைனா’ என்று கூப்பிடவில்லை. ‘இஸ்துகினு’ வரவில்லை, ‘தபா’ வரவில்லை. தெலுங்கு கலந்தும் உருது கலந்தும் தமிழ் பேசும் ஊரில் எல்லாரும் பாடப்புத்தகம் போலப் பேசுகிறார்கள். நவாப் பெயர் கொண்ட பேட்டையில் உருதுக் குரல் ஒன்றுகூட என் காதுக்கு எட்டவில்லை. தோல் பதனிடும் டேனரி வாடையும் என் மூக்குக்கு எட்டவில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழில் அவர் பிறக்கும் முன்பே வேரூன்றிவிட்டது.

ஊர் மு.வ.வுக்குக் கண்ணைக் கொடுத்தது. அவர் அதன் வாயை வாங்கிக்கொள்ளவில்லை. இது கவனக்குறைவால் வந்ததில்லை. தாமாகப் படித்து வித்துவான் ஆனவர், பேச்சுவழக்கைப் பள்ளத்தில் விட்டு மேலேறியவர். தூய தமிழில் எல்லாரும் பேசலாம் என்று நம்பிய தலைமுறை அது. அவருடைய பாத்திரங்கள் பேசும் தமிழைப் படித்துத்தான் என் அப்பா போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் மேடையில் பேசக் கற்றார்கள், கடிதம் எழுதக் கற்றார்கள். அந்தப் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாவலாக இன்று படிக்கும்போது அந்தச் சுத்தம் கையுறை போட்டுக்கொண்டு மணலைத் தொடுவது போல இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன்.

அதே பாலாற்றுப் படுகையில் இன்னொருவரைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும் என்று ஐந்தாம் வாரம் அழகிய பெரியவனின் ‘தகப்பன் கொடி’யைக் கொண்டுபோனேன். 1968ல் பேரணாம்பட்டில் பிறந்தவர், அவரும் ஆசிரியர். மு.வ.வுக்கும் அவருக்கும் அரை நூற்றாண்டு இடைவெளி, வரைபடத்தில் கொஞ்ச தூரம்தான். நிலம் கைவிட்டுப்போகும் ஒரு தலித் குடும்பத்தின் கதை அது. மு.வ. நாவலில் ஊர் என்பது வீடு, பள்ளி, நல்லவர், கெட்டவர். இதில் ஊர் என்பது யாருடைய நிலம், யாருடைய வேலை, யார் எந்தத் தெருவில் நடக்கலாம். பேச்சும் இந்தப் பக்கத்துப் பேச்சு. வாசித்து முடித்ததும் ஷூ கம்பெனிக்காரர் வேறொன்றும் சொல்லவில்லை. “இவரு நம்மாளு” என்றார்.

ஒரே ஆறு, இரண்டு எழுத்தாளர்கள், இரண்டு வட ஆர்க்காடு. ஊர்தான் எழுத்தாளனை உருவாக்குகிறது என்பது முழுக்க உண்மையாக இருந்தால் இது நடந்திருக்கக் கூடாது. ஊரில் எந்தத் தெருவில் நின்று பார்த்தோம் என்பதும் சேர்கிறது, எந்த ஆண்டில் என்பதும் சேர்கிறது. மு.வ. பார்த்த பாலாறு தோண்டினால் ஊறும். 1996 ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்றுக் கரையில் டேனரிக் கழிவு தேங்கியதைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைக்கு ஊற்று என்பது உவமையாகக்கூடத் தோன்றாது. தோண்டினால் என்ன நிறத்தில் வரும் என்று பயம்தான் வரும்.

*ஒரு சிறைக் குறிப்பு*

ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் ஆளையும் தொட்டுக்கொண்டோம், அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, வேலூரில் தொரப்பாடிச் சிறையில் 1921 டிசம்பர் 21 முதல் 1922 மார்ச் 20 வரை இருந்தார். அங்கே எழுதிய நாட்குறிப்பு பிற்பாடு புத்தகமானது. மூன்று மாதம் வேலூரில் இருந்து எழுதிய எழுத்து, ஆனால் அதில் இருப்பது சிறையும் அவர் சிந்தனையும்தான். வேறெந்த ஊர்ச் சிறையாக இருந்தாலும் அதில் பெரும்பகுதி மாறியிருக்காது. ஓர் ஊரில் இருந்து எழுதுவதற்கும் ஓர் ஊரால் எழுதுவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பிள்ளைகளுக்குக் காட்ட அது உதவியது. தொரப்பள்ளி, தொரப்பாடி என்ற பெயர்ப் பொருத்தம்தான் அவர்களுக்கு அதிகம் பிடித்தது.

*மறுபடி எழுதியவை*

கடைசி வாரம் அதே பயிற்சி. ‘நம்ம ஊர்’, இரண்டு பக்கம். கோட்டை கூடாது என்று நான் தடை போடவில்லை. இருபது வயதில் நானே ஒரு கோட்டைக் கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியவன். திப்புவின் குடும்பத்துப் பெண் ஒருத்தி அகழியைப் பார்த்துக்கொண்டே நாலு பக்கம் பெருமூச்சு விடுவாள். கதை போன வேகத்தில் திரும்பி வந்தது. அதனால் எனக்குத் தடை போடும் யோக்கியதை இல்லை.

பத்துக் கதைகள் வந்தன. மூன்றில் கோட்டை இருந்தது. அதில் ஒன்று நல்ல கதை. அகழியில் மீன் குத்தகை எடுத்தவரின் கணக்குப் பிரச்சினை பற்றியது, வரலாறு ஒரு வரிகூட இல்லை. மருந்துக்கடைக்காரர் எழுதியதில், காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் வாடகைக்கு ஸ்டவ்வும் பாத்திரமும் எடுத்துச் சமைக்கும் நோயாளிக் குடும்பங்கள் வருகிறார்கள். இடா ஸ்கடர் 1900ல் தொடங்கி வைத்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி இன்றைக்கு ஒரு தெருவையே வங்காளிப் பலகைகளால் நிறைத்திருக்கிறது, மருந்துக்கடைக்காரரும் வங்காள மொழியில் இருமல் மருந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பார். அந்தக் கதையில் விஷயம் நிறைய. கதைதான் இன்னும் சரியாக நிற்கவில்லை. ஷூ கம்பெனிக்காரர் எழுதவில்லை. இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார். அவர் எழுதினால்தான் இந்த வகுப்பு உருப்படியாக ஏதோ செய்தது என்று நம்புவேன்.

விருதம்பட்டுப் பெண்ணின் கதையில் ஓர் ஆட்டோக்காரர். காட்பாடி ஸ்டேஷனில் ஹவுரா வண்டியில் வந்து இறங்கும் ஒரு வங்காளிக் கிழவரையும் அவர் மனைவியையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகிறார். மனைவி சாய்ந்து படுத்திருக்கிறாள். பாலம் வருகிறது. நீளமான பாலம். கிழவர் எட்டிப் பார்க்கிறார். கங்கைக்கரைப் பக்கத்து ஆள், பாலம் என்றால் கீழே நதி இருக்கும் என்று தெரிந்தவர். இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். நதி எங்கே என்று இந்தியில் கேட்கிறார்.

வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை இந்த இடத்தில்தான். ஆட்டோக்காரர் என்ன மொழியில் பதில் சொல்வார்? வேலூர் ஆட்டோக்காரர்களுக்குப் பிழைக்கிற அளவு இந்தி தெரியும், இந்திதான் வரும் என்றார் மருந்துக்கடைக்காரர். இந்தியில் எழுதினால் வாசகருக்கு ஒட்டாது, நல்ல தமிழில் எழுது என்றான் ஒருவன். மு.வ. என்ன செய்திருப்பார் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதை யாரும் கேட்கவில்லை. நான் ஒரு யோசனை சொன்னேன். அவள் அதை ஒதுக்கிவிட்டாள்.

அவள் எழுதி வைத்திருப்பது இது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் கிழவரைப் பார்க்கிறார். “நீச்சே ஹை சாப், நீச்சே” என்கிறார். கிழவர் மறுபடி குனிந்து கீழே பார்க்கிறார், மணல்தான். ஆட்டோ பாலத்தைத் தாண்டி கிரீன் சர்க்கிள் பக்கம் திரும்பும்போது, ஆட்டோக்காரர் யாரிடமும் இல்லாமல், ஹாரன் அடித்துக்கொண்டே சொல்கிறார்:

“கீழ கீதுய்யா.”